குளத்துக்கும் குவளைக்கும் நடுவே

2008 மே மாதம் நர்கிஸ் புயல் பர்மாவின் ஐராவதி டெல்டாவை அழித்துவிட்டுப் போனது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து சுமார் 1,38,000 பேர். பிழைத்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. டெல்டாவில் மழைக்காலம் முழுக்க ஜாடிகளில் பிடித்த மழைநீர், கோடையில் ஊர்க் குளம், இதுதான் வழக்கம். குடிநீர்க் குளத்தில் யாரும் குளிக்கமாட்டார்கள், துணி துவைக்கமாட்டார்கள். அத்தனை மரியாதையாக வைத்திருந்த குளங்களுக்குள் கடல் புகுந்துவிட்டது. உப்புநீரை இறைத்துக் கொட்டி, அடியைச் சுத்தம் செய்து, அடுத்த மழை நிரப்பட்டும் என்று விடவேண்டும். குடிநீர், சுகாதார நிவாரணப் பணிக்கு நான் வந்தது அந்தக் காலத்தில்தான். தமிழும் பர்மிய மொழியும் தெரியும், பெண்ணாகவும் இருந்தேன். அதனால் குளத்து வேலை ஆண்களுக்குப் போக, வீடு வீடாகப் போகும் வேலை எனக்கு வந்தது. அது எனக்குக் கிடைத்த பாக்கியம் என்றே இன்றும் நினைக்கிறேன். பிரச்சினையின் பாதி வீட்டுக்குள்தான் இருந்தது.

எங்களிடம் ஒரு சின்னக் குப்பி உண்டு. அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக் கிருமி கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுத்துப்போகும். குளத்திலிருந்து ஒன்று, வீட்டுக் குடத்திலிருந்து ஒன்று, குடிக்கும் தம்ளரிலிருந்து ஒன்று என்று எடுத்து, வீட்டுக்காரர்கள் கண்ணெதிரிலேயே வரிசையாக வைத்துவிடுவோம். மருந்து போட்டுச் சுத்தம் செய்த தண்ணீர் தெளிவாக நிற்கும். அதே தண்ணீர் தம்ளருக்கு வரும்போது கறுத்திருக்கும். எந்தச் சொற்பொழிவும் செய்யாததை அந்தக் கறுப்பு செய்யும்.

நடுவில் என்ன நடக்கிறது? அகன்ற வாய்க் குடம். பிள்ளை ஓடி வந்து தம்ளரோடு கையையும் உள்ளே விட்டு மொண்டு குடிக்கிறான். அந்தக் கை சற்றுமுன் எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி, ஆசிரியையை அழைக்கும் பர்மியச் சொல்லான ‘சயாமா’ என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "எங்க அம்மா காலத்துலேர்ந்து இப்படித்தான் மொண்டு குடிக்கிறோம் சயாமா, எங்களுக்கு என்ன ஆச்சு?" அவரிடம் நான் வாதாடவில்லை. அந்த அம்மா காலத்தில் பேதியில் போன குழந்தைகளைப் பற்றிக் கேட்டேன். பெயர் சொல்லிச் சொன்னார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, "மூடி எங்கேடி?" என்றார்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறிப்போனது. கலங்கல் நீரில் படிகாரத்தைச் சுழற்றினால் மண் அடியில் இறங்கிவிடும். நல்ல பழக்கம்தான், ஆனால் கிருமி சாகாது. பிறகு குளோரின் போட வேண்டும், அரைமணி நேரம் விட வேண்டும். மண்ணோடு போட்டால் மருந்தின் வலு மண்ணுக்கே போய்விடும் என்பதால் தெளியவைப்பதும் வீணில்லை. நம் பெண்கள் துணியில் வடிகட்டுவதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டிய வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அவற்றைத் தடுத்துவிடுகிறது. இருப்பதை மட்டம் தட்டிவிட்டுப் புதியதைத் திணிக்கும் அலுவலர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மண்வடிகட்டியும் கொடுத்தோம். களிமண்ணில் உமித்தூளைப் பிசைந்து சுட்டால், உமி எரிந்த இடமெல்லாம் நுண்துளையாகும். அதன்மேல் வெள்ளிக் கரைசல். மணிக்கு இரண்டு லிட்டர் போல இறங்கும். குழாய் வைத்த வாளியில் சேர்வதால் கை படாது. அருமையான பொருள், ஆனால் உடையும், அழுக்கு அடைத்தால் மெதுவாகும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் மீண்டும் ஓடும் என்று மறுபடி போய்ச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் திட்டங்களில் சம்பளம் ஒதுக்கமாட்டார்கள். குளத்தைப் படம் பிடிக்கலாம், தொட்டிக்குத் திறப்பு விழா வைக்கலாம். ஒரு மருமகள் தினமும் குடம் தேய்ப்பதை எந்த அறிக்கையில் எழுதுவது? எழுத வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

கோயில்காரர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். மாரியம்மன் தீமிதியின்போது தண்ணீர்ப் பந்தலில் பானையும் ஒரே குவளையும் இருந்த இடத்தில், இப்போது பல ஊர்களில் குழாய் வைத்த பாத்திரம்.

கழிப்பறை தனிக்கதை. டெல்டாவில் தோண்டினாலே தண்ணீர். குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது நிவாரணப் பணிக்கான விதி. மழைக்காலத்தில் அது எங்கே நடக்கிற காரியம்! மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் கட்டவேண்டும், செலவு கூடும்.

ரங்கூன் ஆற்றின் அக்கரையில் டலா. ஏப்ரல், மே வந்தால் அங்கே குளங்கள் வற்றும், நிலத்தடி நீர் உப்பு. வாளிகளைக் காவடித் தண்டில் தொங்கவிட்டு வரிசையில் நிற்பார்கள். அவசரக் காலத்திலேயே ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் வேண்டும் என்பது கணக்கு. அங்கே பல வீடுகளில் அது கனவு. குடிக்க, சமைக்க ஒதுக்கியபின் முதலில் வெட்டுப்படுவது கை கழுவும் தண்ணீர். "சோப்பு கொடுத்தீங்க சரி, தண்ணி எங்கே அக்கா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. துளை போட்ட சின்னக் கேனைக் கம்பில் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சாயும்படி கட்டிக் கொடுத்தோம். கை நனையும் அளவுக்கு மட்டும் நீர் வரும், கேனைக் கையால் தொடவும் வேண்டாம். அடுப்படிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. அடுப்படிக் கேன் எப்போதும் நிறைந்திருக்கும். அம்மா அங்கேயே இருக்கிறாள். கழிப்பறைக் கேன் அடிக்கடி காய்ந்துபோகும். அதனால் இப்போதெல்லாம் கேனைக் கட்டுவதற்கு முன்னாலேயே குடும்பத்தை உட்காரவைத்து, இதை நிரப்புவது யார் வேலை என்று கேட்கிறோம். அப்பாக்களையும் சேர்த்துத்தான்.