உப்பு சரியாக இருக்கிறதா?

நான் சோப்பு காய்ச்சும் நாளில் வீட்டில் எல்லோருக்கும் வெளியே அவசர வேலை வந்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையில் ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை என்று நான் நிற்கும் கோலம் அப்படி. மாமியார் மட்டும் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வைக்கு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அப்படி முழுவதும் மாறிய சோப்பு தோலை வறட்டிவிடும் என்பதால் நான் 146 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். தண்ணீரை முதலில் எடுத்து, அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன்.

"எதை முதலில் போட்டால் என்னம்மா?"

"சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும், அத்தை."

நாற்காலி ஓரடி பின்னால் நகர்ந்தது.

எண்ணெயில் அந்தக் கரைசலை ஊற்றிக் கெட்டியாகும்வரை அடித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வைத்தேன். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும். அதன் பக்கமே போகக்கூடாது. முதலில் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்தன. நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் தீவு. பிறகு மொத்தமும் விறுவிறுவென்று விளிம்புவரை எழும்பியது. இந்த இடத்தில் தொலைபேசி அடித்தாலும் சரி, அழைப்பு மணி அடித்தாலும் சரி, கரண்டியைக் கீழே வைக்கக்கூடாது.

வெள்ளையெல்லாம் மறைந்து வாஸ்லின் களிம்புபோல் ஆனதும் பரீட்சை. துளி எடுத்து ஆறவைத்து, ஈர விரலில் தேய்த்து நாக்கு நுனியில் வைக்க வேண்டும். சோடாவின் காரம் மிச்சமிருந்தால் மின்சாரம்போல் சுரீரென்று அடிக்கும். இல்லாவிட்டால் வெறும் சோப்புச் சுவைதான். (அதுவும் ஒன்றும் அமிர்தம் அல்ல.)

நான் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: "உப்பு சரியாக இருக்கிறதா?"

சிரித்ததில் வாசனை எண்ணெய் பாட்டிலைப் பிடித்திருந்த கை ஆடியது. வெந்து முடிந்த பிறகு சேர்ப்பதால், வாசனையைக் காரம் தின்றுவிடாது. அச்சில் கூழை வழித்துப் போட்டுத் தட்டினேன். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக வரும். இந்த முறையில் வழவழப்பை எதிர்பார்க்க முடியாது. காய்ச்சாமல் செய்யும் சோப்பென்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் பதப்படக் காத்திருக்க வேண்டும். இதை மறுநாளே வெட்டிக் குளித்துவிடலாம்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அத்தையே ஒரு துண்டு கொடுத்தார்.

"தைரியமாகப் போட்டுக் குளியுங்கள். என் மருமகள் ருசி பார்க்காமல் எதையும் இறக்கமாட்டாள்."

அவர் சோப்பை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.