சீட்டுக் கொப்பியும் பறிமுதல் விசாரணையும்

லண்டனில் எனக்குத் தண்டனை விதித்த அன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் மனைவியும் நினைத்தோம். அதற்குப் பிறகுதான் பறிமுதல் விசாரணை தொடங்கியது. குற்றத்தால் வந்ததைத் திரும்ப எடுப்பதற்கு இங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எனக்கு அது 14 மாதம் இழுத்தது.

நான் செய்தது பிழை. தெரிந்த ஒருவருடைய காசு 46,000 பவுணை என் கடைக் கணக்கில் போட்டு, அவர் சொன்ன இடத்துக்கு அனுப்பினேன். எனக்குக் கிடைத்தது 1,200 பவுண். ஆனால் சட்டம் இலாபத்தைப் பார்ப்பதில்லை. என் பெயரில் உள்ள கணக்கில் விழுந்த முழுத்தொகையும் நான் பெற்றதாகவே கணக்கு.

அடுத்தது இன்னும் பயமாக இருந்தது. நான் செய்ததுபோல் குற்றத்தால் வந்த காசைக் கைமாற்றுவது பணச்சலவைக் குற்றம். அப்படியென்றால், வழக்குத் தொடங்குவதற்கு முந்தைய ஆறு ஆண்டில் நம்மிடம் வந்த காசெல்லாம் குற்றத்தால் வந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அரச தரப்பு இன்னும் 31,000 பவுணைச் சேர்த்திருந்தது. அதில் 20,000 நான் இரண்டு முறை எடுத்த சீட்டுக் காசு. மிச்சம் 11,000 மகளின் சாமத்திய வீட்டுக்கு (பூப்பு நீராட்டு விழாவுக்கு) வந்த அன்பளிப்பு.

குலுக்கல் சீட்டு, 20 பேர், மாதம் 500 பவுண். நமக்குச் சாதாரண விஷயம், அவர்களுக்கு ‘மூலம் தெரியாத காசு’. சீட்டுப் பிடித்த அக்கா கோர்ட் என்றதும் பயந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் சீட்டுக் கொப்பியைத் தந்தார். அதை மொழிபெயர்ப்பித்து, மாதாமாதம் நான் வங்கியிலிருந்து எடுத்த 500 பவுணோடு வரி வரியாகப் பொருத்தினேன். 40 மாதத்தில் 38 பொருந்தியது. இரண்டு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அரச தரப்பு அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுங்கள். பதில் இல்லாத வரியை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுக்கலாம்.

நீதிபதி சீட்டுக் காசை முழுதாக ஏற்றார். அன்பளிப்பில், பெயர் எழுதி வைத்திருந்த 7,500 பவுண் மட்டும் தப்பியது. ஆக, நான் பெற்றது 49,500 என்று முடிவானது. என்னிடம் இருந்தது வீட்டில் என் பாதி, 34,000 பவுண். கட்டச் சொன்னது அதைத்தான். மனைவி தன் சம்பளச் சீட்டுகளையும் அவர் கட்டிய வீட்டுக் கடன் கணக்கையும் காட்டியதால் அவருடைய பாதியை விட்டார்கள்.

தவணை மூன்று மாதம். கட்டாவிட்டால் 15 மாதச் சிறை, அதோடு 8 சதவீத வட்டி. சிறையில் இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது. வீட்டுக் கடனை மாற்றி எடுக்கத் தாமதமானது, தவணை முடியும் முன்பே நீடிப்புக் கேட்டோம். மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் தர மாட்டார்கள். ஐந்தாம் மாதம் கட்டினேன்.

சரி, இது நியாயமா? என்னிடமிருந்து அரசு காசை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த 49,500இல் மிச்சமிருக்கும் 15,500 பவுண்தான் நெஞ்சில் கிடக்கிறது. நாளைக்கு நான் நேர்மையாக உழைத்து ஏதாவது சேர்த்தாலும், அதைக் கேட்டு அரச தரப்பு மறுபடி நீதிமன்றத்துக்கு வரலாம். அதற்குக் காலவரையறை இல்லை. தண்டனையை முடித்துத் திருந்தி வாழ நினைக்கிறவனுக்கு இது அநியாயம்.

போன மாதம் மைத்துனர் தன் கடையில் பங்கு தருகிறேன் என்றார். சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.