மூன்று சிலிண்டர் வண்டியில் ப்ளக், காயில் மாற்றிய அனுபவம்

தேனி ரோட்டில் உசிலம்பட்டி வரை ஒன்றும் தெரியாமல் ஓடும் வண்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் நான்காவது கியரில் வெட்டி வெட்டி இழுக்கும். மிஸ்ஸிங்தான், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் ப்ளக்கில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தருவது இக்னிஷன் காயில்; பலவீனமான காயில் அங்கேதான் முதலில் கைவிடும்.

வண்டி 2011 வேகன் ஆர், 998 சிசி. மூன்று சிலிண்டர், ஒவ்வொரு ப்ளக் தலையிலும் தனித்தனிக் காயில். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரில் பி0302 என்ற கோடு (code) வந்தது: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். டைமிங் செயின் பக்கம் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். கோடு வந்ததுமே காயில் வாங்க ஓட வேண்டாம். இரண்டாவது காயிலை ஒன்றாவதிலும், ஒன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 என்று இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் அதே மாதிரி ப்ளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இங்கே காயில் போன இடத்துக்கே கோடும் கூடவே போனது. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் இந்தச் சோதனைக்காக ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ப்ளக் மாட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் ப்ளக்கைக் கழற்றினால் மரை கூடவே வந்துவிடும். மதுரை வெயிலில் மத்தியானம் நிறுத்திய வண்டி சாயங்காலமும் சூடாகத்தான் இருக்கும், அதனால் விடியற்காலை வேலை உத்தமம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காயில் கனெக்டரை முதலில் உள்பக்கம் லேசாக அழுத்தி, பிறகு லாக்கை அமுக்கி இழுங்கள். சூட்டில் வெந்த பிளாஸ்டிக், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். 10 மி.மீ. போல்ட்டை எடுத்ததும் காயிலை இடமும் வலமும் மெதுவாகத் திருகி நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் காயிலின் அடியில் உள்ள ரப்பர் பூட் கிழிந்து, ப்ளக் இருக்கும் குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

பலரும் தவறவிடும் இடம் இந்தக் குழிதான். மேலூர் பக்கம் ஓடும் வண்டிகளில் கல்தூசி சேர்ந்து கிடக்கும். ப்ளக்கைத் தளர்த்துவதற்கு முன் காற்றடித்து ஊதிவிடுங்கள். இல்லையென்றால் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். குழியில் ஆயில் நின்றால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். ஆயில் பட்ட பூட் ஊறி, கரண்ட் கசியும்.

கழற்றிய ப்ளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். முனை வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஆயில் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு. வெள்ளைப் பீங்கான் இரும்போடு சேரும் இடத்தில் உள்ள பழுப்பு வளையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. பயப்பட வேண்டியது, பீங்கானில் மேலிருந்து கீழே தலைமுடி போல ஓடும் கறுப்புக் கோடு. பொறி வெளிவழியாகப் பாய்ந்த தடம் அது. இந்த வேகன் ஆரின் ப்ளக்கில் அந்தக் கறுப்புக் கோடு இருந்தது. முனையும் தேய்ந்து, பொறி தாவும் இடைவெளி அகன்றிருந்தது. அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் ஓயாமல் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டியிருக்கும். கடைசியில் அதன் இன்சுலேஷனே வெந்துபோகும். ப்ளக்கைத் தள்ளிப்போட்டால் செலவு காயிலில் வந்து நிற்கும். ஒரு காயில் விலையில் மூன்று சாதாரண ப்ளக்குகளும் வாங்கி மிச்சம் பிடிக்கலாம்.

புது ப்ளக் மேனுவலில் உள்ள அதே எண்ணாக இருக்கட்டும். என்ஜிகே கம்பெனி ப்ளக் எண்ணின் கடைசியில் 10 என்றிருந்தால் இடைவெளி 1.0 மி.மீ., 11 என்றால் 1.1 மி.மீ. பெட்டியில் வந்தபடியே நம்பாமல் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் வைத்துப் பாருங்கள். இரிடியம் ப்ளக் என்றால் நடு ஊசியில் எதுவும் உரசக்கூடாது.

ப்ளக் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸை மாட்டி, கையாலேயே மரையில் ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். உட்கார்ந்த பிறகு, வாஷர் உள்ள புது ப்ளக்குக்கு ஸ்பேனரில் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போதும். மரையில் கிரீஸ் வேண்டாம். தடவினால் தெரியாமலே கூடுதலாக இறுகிவிடும். காயிலின் ரப்பர் பூட்டின் உள்வாயில் மட்டும், கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாக. ஒரு சிலிண்டரை முழுதாக முடித்து மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும்.

மூன்று காயிலையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். ப்ளக் மூன்றும் ஒன்றாக மாற்றுவது சரி. காயிலில் போனதை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் முடிவு. கையில் காசிருந்தால் இன்னொரு புதுக் காயிலை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது, பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

சாதாரண நிக்கல் ப்ளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டியில் பொறி தாவவே அதிக வோல்டேஜ் தேவை; அங்கே அவ்வளவு தூரம் காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.