பென்குயின் தீவும் மாமனாரோட மங்கி கேப்பும்

ஊர்லேர்ந்து மாமனார் ஆஸ்திரேலியாவுல நாங்க இருக்கற பெர்த்துக்கு வந்திருக்கார். கங்காரு பார்த்தாச்சு, கோலா பார்த்தாச்சு, அடுத்து என்னன்னு யோசிக்கறப்போ என் பையன் "தாத்தா பென்குயின் பாக்கலாமா"ன்னு கொளுத்திப் போட்டுட்டான். மறுநாள் காலைல மனுஷன் மங்கி கேப், ஸ்வெட்டர், சாக்ஸோட ஹால்ல ரெடி. வெளில ஜனவரி வெயில் மண்டையைப் பொளக்குது. "மாமா, அங்க ஐஸெல்லாம் இருக்காது"ன்னேன். "பென்குயின் இருக்குன்னா ஐஸ் இருக்கும்மா, டிவில எத்தனை பார்த்திருக்கேன்"னுட்டார். மாமனார்கிட்ட அதுக்கு மேல வாதாட முடியுமா.

பென்குயின் தீவுக்குப் போக ராக்கிங்ஹாம் பக்கம் மெர்சி பாயின்ட்ல போட் ஏறணும். தீவு கரைலேர்ந்தே தெரியுது, ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, நடுவுல மணல் திட்டு வேற. எங்க வீட்டுக்காரர் "அட, நடந்தே போயிடலாம் போலருக்கே"ன்னு ஆரம்பிச்சார், பக்கத்துலயே எச்சரிக்கை போர்டு. அந்தத் திட்டுல நடக்கப் போய் அலை இழுத்து ஆளுங்க செத்தே போயிருக்காங்க. கப்சிப்னு டிக்கெட் எடுத்தார்.

தீவுல இறங்கினா ஒரே சீகல். புளியோதரை டப்பாவைத் திறந்ததும் ஒண்ணு வந்து அப்பளத்தைக் கவ்விட்டுப் போச்சு, மாமனார் அதைத் துரத்திட்டு ஸ்வெட்டரோட ஓடினது தனிக் கதை. பெலிக்கன் இருந்துச்சு. கன்னங்கரேல்னு முழ நீளத்துக்கு ஒரு அரணை வந்து எங்க பையை மோந்து பார்த்துச்சு. பென்குயின் மட்டும் காணோம்.

அங்க யூனிஃபார்ம்ல நின்ன ஒரு பொண்ணுகிட்ட கேட்டா சிரிக்குது. காட்டு பென்குயினெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிடுமாம், இருட்டினப்புறம்தான் கரையேறுமாம். எங்களுக்கு சாயங்காலம் நாலு மணி வாக்குல கடைசி போட், சூரியன் மறையறதோ ஏழரை வாக்குல. அதாவது வீட்டுக்காரங்க ஆபீஸ் போன நேரமாப் பார்த்து விருந்துக்கு வந்து, அவங்க திரும்பறதுக்குள்ள கிளம்பிடணும். மாமனார் என்னைப் பார்த்தார், நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் கடலைப் பார்த்தார்.

ஆனா அந்தப் பொண்ணே ஒரு வழி சொல்லுச்சு. வெயில் காலத்துல இதுங்க மொத்த இறகையும் ஒரே சமயத்துல உதிர்க்குமாம், புது இறகு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் கடல்ல இறங்க முடியாது, அதனால பட்டினியாக் கரையிலேயே கிடக்கும், நடைபாதை ஓரப் புதர்ல சத்தம் போடாம பாருங்கன்னுது.

பலகை நடைபாதைல மண்டி போட்டுப் பார்த்தோம். முதல்ல வந்தது நாத்தம்தான், காசிமேடு தோத்துச்சு. அப்புறம் நிழலுக்குள்ள ஒரு அடி உயரம்கூட இல்லாம ஒண்ணு நிக்குது. முதுகுல பாதி நீலம், பாதி பழுப்புப் பஞ்சு, மூக்கு நுனியில ஒரு இறகு ஒட்டிட்டு இருக்கு, அதைத் தட்டிவிடக்கூட மனசில்லாம எங்களை மொறைச்சுது. இதான் லிட்டில் பென்குயின், உலகத்துலயே சின்ன ஜாதி, வெயிட்டு ஒரு கிலோ, மிஞ்சிப் போனா ஒன்றரை கிலோ வாக்குல.

மாமனார் ரொம்ப நேரம் பார்த்துட்டு "என்னம்மா, பாதி உரிச்ச கோழியைக் காட்டறீங்க"ன்னார். ஆனா மனுஷனுக்கு அங்கேர்ந்து எழுந்திரிக்கவே மனசு வரல. 2007 வாக்குல இந்தத் தீவுல ஆயிரத்துக்கு மேல இருந்துச்சாம், 2011ல கடல் சூடாகி மீன் குறைஞ்சதுலேர்ந்து அடி மேல அடி, இப்ப நூத்துச் சொச்சம்தானாம். முட்டை வைக்கற சீசன்னு ஜூன்லேர்ந்து செப்டம்பர் நடு வரைக்கும் தீவையே மூடிடறாங்க. இதைக் கேட்டதும் "பாவம், பட்டினியா வேற கிடக்கு"ன்னு புளியோதரை டப்பாவை எடுக்கப் போனார், கையைப் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு.

திரும்பி வர்றப்போ போட்லயே ஃபேமிலி குரூப்ல போட்டோ போட்டுட்டார். புதர் இருட்டுல என்ன விழும், ஒண்ணும் விழல, அதனால பெலிக்கன் படத்தைப் போட்டு "ஆஸ்திரேலியா பென்குயின்"னு எழுதியிருக்கார். அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் ஹார்ட்டு விட்டாச்சு, சின்ன மாமா மட்டும் "அண்ணே, இது நம்ம வேடந்தாங்கல்லயே வருதே, இதுக்கா ஸ்வெட்டர் போட்டீங்க"ன்னு கேட்டிருக்கார். மாமனார் அவரை இன்னும் பிளாக்லதான் வெச்சிருக்கார்.