ஹூஸ்டனில் முதியோரைப் பார்க்கப் பழகியது

நாகர்கோவிலில் வார்டு நர்சாக இருந்தபோது நோயாளி எதைக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: “டாக்டர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்.” அந்த வேலையின் எல்லை அது. அமெரிக்காவில், ஹூஸ்டனில், நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் பணிக்குப் பயிற்சி தொடங்கியதும் அந்தப் பதிலுக்கு இடமில்லாமல் போனது. நோயாளியைப் பார்த்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தால், எனக்குப் பயிற்சி கொடுத்த ப்ரிசெப்டர் கேட்பார்: “சரி, இது என்னவாக இருக்கும்? நீ என்ன செய்யப் போகிறாய்?” நான்தான் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

புது நாட்டில் எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். ஹூஸ்டனின் புழுக்கம் நம்மூர்ப் புழுக்கம் மாதிரியேதான். மலையாளிகளின் கடைகளில் மரச்சீனிக் கிழங்கும் நேந்திரங்காயும் கிடைக்கின்றன. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் அல்லவா, மலையாளம் எனக்கும் வாயில் வரும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சேச்சிமார்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்கள், கார் ஓட்டவும் பழக்கினார்கள். என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு, விசா, ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) வேலை என்ற பாதை நம் பக்கத்து நர்சுகளுக்குத் தெரிந்ததுதான். அதற்கு அப்புறம் உள்ளதைத்தான் ஊரில் தங்கைமார் கேட்கிறார்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். நான் எடுத்த பிரிவு, பதின்பருவத்தினரிலிருந்து முதியவர்கள் வரை பார்க்கும் முதன்மை சிகிச்சை. நோயைக் கண்டறியலாம், பரிசோதனைக்கு எழுதலாம், மருந்தும் எழுதலாம். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் மருந்து எழுத ஒரு மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும். அரிசோனா, ஓரிகன் போன்ற இடங்களில் வேண்டாம். எந்த மாநிலத்தில் குடியேறுவது என்று முடிவெடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

பாடத்தைவிடக் கிளினிக்கல் மணி நேரம்தான் பெரிய பாடு. நாடு தழுவிய தரவிதியில் முன்பு குறைந்தது 500 மணி நேரம் என்று இருந்தது. 2022-இல் அதை 750 ஆக்கினார்கள். நோயாளியை நேரடியாகப் பார்க்கும் நேரம்தான் கணக்கு. அதற்கு ஒரு ப்ரிசெப்டர் வேண்டும். பல கல்லூரிகள் அவரைத் தேடும் வேலையை மாணவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. என் கல்லூரியிலும் அப்படித்தான். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, “உங்களிடம் பயிற்சிக்கு இடம் உண்டா” என்று கிளினிக் கிளினிக்காக நம்மை அலையவிடுவது அநியாயம். புதிதாகக் குடியேறியவருக்கு இங்கே யாரைத் தெரியும்? எனக்கு ஒரு சேச்சி தன் தோழியிடம் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். பணம் கட்டும் முன்பே, “ப்ரிசெப்டரை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கிளினிக்கில் பார்த்த ஒரு முதியவரைச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர். ராத்திரி எழுந்து நடக்கும்போது தலை சுற்றுகிறது, ஒருமுறை விழுந்தும்விட்டார். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். எழுந்து நின்ற பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்த்தேன். மேல் அளவு 20 குறைந்தாலோ கீழ் அளவு 10 குறைந்தாலோ கவனிக்க வேண்டும். அவருக்கு மேல் அளவு அதைவிட அதிகமாகவே இறங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னேன். அதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கொள்வோம். அவர் மெதுவாகத்தான் வந்தார்.

ரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் கணினிப் பதிவில் இருந்தன. இரண்டுமே நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ப்ரிசெப்டர் அதோடு விடவில்லை. “வீட்டில் இருப்பதையெல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்” என்றார். அடுத்த முறை பைக்குள் டைலினால் பி.எம். இருந்தது. தூக்கம் வரவில்லை என்று அவராகவே கடையில் வாங்கியது. அதில் உள்ள டைஃபென்ஹைட்ரமைன் முதியவர்களுக்கு மயக்கமும் குழப்பமும் தரும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரையும் அடைக்கும். சிறுநீர் சரியாகப் போகாததால்தான் அவர் ராத்திரியில் திரும்பத் திரும்ப எழுந்தார். தூக்கம் கெட்டதால் அதே மாத்திரையை மறுபடி போட்டார். முதியவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலை 1991-இல் முதலில் வெளியிட்டவர் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர். பியர்ஸ் பட்டியல் என்று படித்திருந்த அந்தப் பெயர்களுக்கு அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது.

விடுமுறைக்குக் குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான திங்கள்சந்தைக்கு வந்தபோது நான் பார்த்ததும் இதுதான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் வளைகுடாவிலோ கேரளத்திலோ அமெரிக்காவிலோ. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரிய காரியம். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டா இரண்டு தனியார் கிளினிக்குகளுக்குப் போகிறார். இரண்டிலும் கொடுத்த அட்டைகளில் பெயர் வேறு, உள்ளே இருந்தது அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. இன்னொரு பாட்டி கிளிமிபிரைட் என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு ராத்திரி கஞ்சியை ஒதுக்கிவிடுகிறார். தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

ஊரில் மருந்து எழுதும் உரிமை எனக்கில்லை. எதையும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஒரே தாளில் மருந்தின் உட்பெயர், அளவு, யார் கொடுத்தது, எப்போது போடுகிறார் என்று எழுதி, “அடுத்த தடவை போகும்போது இதை டாக்டர்கிட்ட காட்டுங்க பாட்டா” என்று கொடுத்தேன். பாட்டியிடம், சாப்பிடாத நாளில் அந்த மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும் என்றேன். இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் நம் மாவட்டத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வெளியே இருக்கும் பிள்ளைகள் அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த வீடியோ காலில் அம்மாவையும் அப்பாவையும் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கேமரா முன் காட்டச் சொல்லுங்கள். சீட்டில்லாமல் வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை, வர்ம வைத்தியர் கொடுத்த கஷாயம் எல்லாம் சேர்த்து. எழுதி வைத்துக்கொண்டு, அவர்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு அனுப்புங்கள்.