ஆஃபர் லெட்டர்ல எக்ஸெம்ப்ட்னு போட்டிருந்தா என்ன அர்த்தம்

அமெரிக்காவுக்கு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கு வர்ற பசங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி விசா பத்தி இருக்கும். ரெண்டாவது பெரும்பாலும் இதுதான், "அக்கா, லெட்டர்ல எக்ஸெம்ப்ட்னு போட்டிருக்கு, அப்ப டாக்ஸ் கட்ட வேணாமா?" கட்டணும்டா தம்பி. வரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எவ்ளோ நேரம் வேலை பாத்தாலும் ஓவர்டைம் கிடையாதுன்னு அர்த்தம், அவ்ளோதான்.

இங்க 1938-லேர்ந்து ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு. வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டினா, தாண்டுன ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு சம்பளம் குடுக்கணும். இந்தக் கணக்குல வராத ஆளுங்கதான் எக்ஸெம்ப்ட். இதுக்கு மேல வேலை வாங்கவே கூடாதுன்னு பெரியவங்களுக்கு ஒரு உச்சவரம்பு அந்த சட்டத்துல கிடையாது, அதனால எக்ஸெம்ப்ட் ஆளு 70 மணி நேரம் லேப்ல கெடந்தாலும் யாரும் எண்ண மாட்டாங்க.

யாரை எக்ஸெம்ப்ட்னு சொல்லலாம்கிறதுக்கு மூணு சோதனை. மாச சம்பளமா நிலையா வரணும், வேலை படிப்பறிவு சார்ந்ததா இருக்கணும், சம்பளம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு கீழ போகக்கூடாது. பிஎச்டி முடிச்சு ஆராய்ச்சி பண்றவன் ரெண்டாவதுல பெரும்பாலும் சுலபமா பாஸ் ஆயிடுவான், பதவிப் பேர் என்னன்னு பாக்கறதில்ல, செய்யற வேலையத்தான் பாப்பாங்க. சண்டை எல்லாம் மூணாவதுலதான். இன்னொரு கூத்து, வாத்தியார் வேலை முதன்மையா இருந்தா அந்த சம்பள சோதனையே கிடையாது. அதனால ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல கிளாஸ் எடுக்கறதையே முக்கிய வேலையா வெச்சிருக்கற போஸ்ட்டாக்குக்கு எவ்ளோ கம்மியா குடுத்தாலும் ஓவர்டைம் வராது, பக்கத்து பில்டிங்ல பைப்பெட் பிடிக்கிற போஸ்ட்டாக்குக்கு வரலாம்!

2016-ல நடந்ததுதான் இதுல சுவாரசியமான கதை. அதுவரைக்கும் அந்தத் தொகை வருஷத்துக்கு 23,660 டாலர், 2004-ல வெச்சது. ஒபாமா அரசு அதை ஒரேயடியா 47,476 டாலருக்கு ஏத்துச்சு, டிசம்பர் 1-லேர்ந்து அமல்னு சொல்லிட்டாங்க. போஸ்ட்டாக் பலரோட சம்பளம் அப்ப அதுக்கு கீழதான். யுனிவர்சிட்டிகளுக்கு ரெண்டே வழி, ஒண்ணு போஸ்ட்டாக் எல்லாருக்கும் டைம்ஷீட் குடுத்து மணிக்கணக்கு பாக்கணும், இல்லன்னா சம்பளத்தை ஏத்தணும். போஸ்ட்டாக் வேலை பாக்குற நேரத்தை நெஜமா எண்ண ஆரம்பிச்சா பில் எங்க போய் நிக்கும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். என்ஐஎச் (மருத்துவ ஆராய்ச்சிக்கு காசு குடுக்கற அமெரிக்க அரசு நிறுவனம்) அப்ப புது போஸ்ட்டாக்குக்கு வெச்சிருந்த ஸ்டைபெண்ட், அதாவது வருஷ உதவித்தொகை, 43,692 டாலர், அதை 47,484 ஆக்கினாங்க. கழிச்சுப் பாருங்க, புது வரம்பை விட எட்டு டாலர் அதிகம். விஞ்ஞானியோட உழைப்புக்கு மரியாதைன்னு எல்லாம் பேசுனாங்க, கடைசியில எட்டு டாலர் தாண்டி நிறுத்திட்டாங்க, எனக்கு இன்னிக்கும் சிரிப்புதான் வரும்.

அமலுக்கு வர ஒன்பது நாள் முன்னாடி, நவம்பர் 22, டெக்சாஸ் ஃபெடரல் ஜட்ஜ் ஒருத்தர் அந்த விதிக்கு நாடு முழுக்க தடை போட்டுட்டாரு. சில யுனிவர்சிட்டி சொன்னபடி சம்பளத்தை ஏத்துச்சு, சிலது "அதான் தடை வந்துருச்சே"ன்னு அறிவிச்ச ஹைக்கை திரும்ப வாங்கிக்கிச்சு, அதை நம்பி வீட்டு லீஸ் கையெழுத்து போட்டவன் கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் 2020-ல 35,568 ஆச்சு. 2024-ல பைடன் அரசு மறுபடி ஏத்துச்சு, 2025 ஜனவரிக்கு 58,656 வரைக்கும் போகணும், ஆனா 2024 நவம்பர்லயே மறுபடியும் டெக்சாஸ் கோர்ட்டு, மறுபடியும் ரத்து. திரும்பவும் வாரத்துக்கு 684 டாலர், அதாவது அதே 35,568.

ஆனா அதுக்குள்ள என்ஐஎச் ஸ்டைபெண்ட் 61,008 ஆயிருச்சு. அதனால முழுநேர போஸ்ட்டாக்குக்கு ஃபெடரல் வரம்பு இன்னிக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். பாக்க வேண்டியது உங்க ஸ்டேட் என்ன சொல்லுதுன்னு. 2025-ல அந்த வரம்பு கலிஃபோர்னியால 68,640-ஆ இருந்துச்சு, வாஷிங்டன் ஸ்டேட்ல பெரிய நிறுவனங்களுக்கு கிட்டத்தட்ட 78,000. கலிஃபோர்னியா தனியார் யுனிவர்சிட்டியில 65,000-க்கு ஆஃபர் வந்து அதுல எக்ஸெம்ப்ட்னும் போட்டிருந்தா எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டு கேளுங்க, தப்பே இல்ல.

நான்-எக்ஸெம்ப்ட்னு, அதாவது ஓவர்டைம் உண்டுன்னு போட்டா நம்ம ஆளுங்களுக்கு மூஞ்சி சுருங்குது, ஏதோ கிரேடு கம்மி பண்ண மாதிரி. எனக்கு அப்படித் தோணல. லேப்ல வளர்க்கற உயிரணுக்களுக்கு ஞாயித்துக்கிழமை மீடியா (ஊட்டச்சத்து திரவம்) மாத்த வர்ற லேப் டெக்னீஷியன் அந்த ரெண்டு மணி நேரத்தை எழுதுறான், காசு வாங்குறான். பக்கத்து ஹூட்ல அதே வேலைய பண்ற போஸ்ட்டாக்குக்கு "டெடிகேஷன் சூப்பர்"னு பிஐ, அதாவது லேப் தலைவர், சொல்லுவாரு. முன்கூட்டி பர்மிஷன் வாங்கலைன்னு சாக்கு சொல்லி டெக்னீஷியனுக்கு ஓவர்டைம் தராம இருக்க முடியாது, வேலை நடக்குதுன்னு தெரிஞ்சும் விட்டா குடுத்தே ஆகணும். அரசு யுனிவர்சிட்டியா இருந்தா காசுக்கு பதிலா லீவா குடுக்கலாம், அதுவும் ஒரு மணிக்கு ஒன்றரை மணி. தனியாருக்கு அந்த வசதி இல்ல.

கிராஜுவேட் ஸ்டூடன்ட்ஸ் கேக்காதீங்க, உங்க டிகிரிக்காக பண்ற ஆராய்ச்சிய லேபர் டிபார்ட்மென்ட் படிப்பாத்தான் பாக்குது, இந்த மணிக்கணக்கு உங்களுக்கு வராது.

குழந்தை பொறந்ததால, இல்ல கிராண்ட் கம்மியானதால, பாதி நேரத்துக்கு மாறுறவங்க ஒண்ணு கவனிங்க. அந்த வரம்பை வேலை நேரத்துக்கு ஏத்த மாதிரி பாதியா குறைக்க மாட்டாங்க. 60,000 வாங்கினவங்க பாதி நேரத்துல 30,000 ஆனா 35,568-க்கு கீழ வந்துட்டாங்க, அதுக்கப்புறம் கிளாஸ் எடுக்கறது முதன்மை வேலையா இல்லாத வரைக்கும் நீங்க நான்-எக்ஸெம்ப்ட்தான், மணிக்கணக்கு எழுதியே ஆகணும். எச்ஆர்ல மாத்த மறந்திருந்தா ஞாபகப்படுத்துங்க, அதுவரைக்கும் வேலை பாத்த நேரத்தை நீங்களே ஒரு நோட்ல குறிச்சு வெச்சுக்கோங்க.