காலர்தான் சவால்

சட்டையைத் தானாகவே இஸ்திரி போடும் இயந்திரம் வீட்டுக்கு வருவது ஏன் கடினம்? பினாங்கில் சலவைத் தொழிலாளர் பகுதியான டோபி காட் பக்கம் இன்று ஓர் அண்ணன் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கித்தான் போனது. பெட்டி வருவதற்குள் இடது கை விரல்கள் தையலைத் தடவி இழுத்துப் பிடித்துவிடுகின்றன. இல்லையென்றால் முனையில் மடிப்பு விழும்.

படுக்கை விரிப்புக்கு ஹோட்டல்களில் சூடான உருளை உண்டு. ஈரமும் சூடும் பருத்தி இழைகளின் பிணைப்பைத் தளர்த்தும். காயும்போது புது வடிவம் நிலைக்கும்.

சட்டை அப்படியல்ல.

பொம்மை உடம்பில் மாட்டிச் சூடான காற்றை ஊதும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் காலருக்கும் கைப்பட்டிக்கும் அழுத்தம் வேண்டும். பாலியெஸ்டரோ பருத்திக்கு வைக்கும் சூட்டைத் தாங்காது.

வீட்டுக்கு ஓர் இஸ்திரி இயந்திரம் வடிவமைப்பவர்கள் துணியின் வகையை அறியும் சென்சாரில் தொடங்கட்டும். சரியாக அமைந்தால், ஞாயிறு இரவு பள்ளிச் சீருடைகளை அது பார்த்துக்கொள்ளும், அம்மாக்கள் கொஞ்சம் உட்காரலாம்.